முட்டையில் மாறிய முள்

— டீ ஆறிக்கினு கீது, அகல்யா. போனை வச்சுட்டுக் குடி.

— எறங்க மாட்டேங்குது, ஃபாரூக். வயிறு எரியுது. அஞ்சு வருஷமா அதே லேப்ல மாடா உழைக்கிறேன். டெல்லி மாநாட்டுல பேசப் போறது யாரு? நேத்து வந்த ரோஷினி!

— அவ கண்டுபுடிச்சது பெரிய விஷயம்தானேம்மா. ஃப்ளூ வைரஸ் மேல நிக்கிற முள்ளு மாறிக்கீதுன்னு...

— மண்ணாங்கட்டி! அந்த முள்ளுப் புரதத்தாலதான் வைரஸ் நம்ம தொண்டைல ஒட்டுது, சரி. அது ஆவடி நோயாளிங்ககிட்ட புதுசா மாறிடுச்சாம். பட்டுப்புடவை கட்டிக்கிட்டு மேடையில சொல்லப் போறா. அத்தனையும் தப்பு!

— இன்னா தப்பு?

— அதே நோயாளிங்க மூக்குல எடுத்த சளிய நேரா சோதிச்சுட்டேன். மாத்தமே இல்ல. இவ குத்தம்பாக்கம் பண்ணைலேர்ந்து தட்டு தட்டா கரு வளர்ற கோழி முட்டை வாங்கி, அதுல வைரஸை வளத்தா. கோழி முட்டைக்குள்ள ஒட்டணும்னு அது முள்ளை மாத்திக்கிச்சு. அவ்வளவுதான் கதை.

— அடக் கொடுமையே. அவளாண்ட சொன்னியா?

— நான் ஏன் சொல்லணும்? டைரக்டருக்கே மெயில் அடிச்சு வச்சிருக்கேன். தட்டுனா போயிடும்.

— பொறாமைல எதுவும் செய்யாத, சொல்லிட்டேன்.

— பொறாமைதான்! இருந்துட்டுப் போகுது. அவ சிரிச்சா எனக்கு மூணு நாள் தூக்கம் போகுது.

— செரி, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. உன் ஆன்டிபாடி அந்த முள்ளைப் புடிச்சுத்தானே வைரஸை ஒட்டவுடாம பண்ணுது? அதைச் சோதிக்க நீ வைரஸை எதுல வளத்த?

— கண்ணாடித் தட்டுல வளர்ற உயிர்ச் செல்லுலதான். முட்டை நாத்தமே எனக்கு ஆகாது.

— அந்தச் செல்லுல போட மொத வைரஸ் குப்பி ஏது?

— அது... போன வருஷம் சேந்த புதுசுல ரோஷினிதான் ஃப்ரீசர்லேர்ந்து எடுத்துக் குடுத்தா.

— முட்டைல வளத்ததா?

— இரு, குப்பி லேபிளைப் போன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தேன், பாக்குறேன்.

— அகல்யா! வாயத் தொறந்து சொல்லு.

— ஆமா. அப்ப என் ஆன்டிபாடி புடிச்சதும் அந்த முட்டை முள்ளைத்தான். என் தீசிஸே அந்த ஆன்டிபாடிதான், அஞ்சு வருஷம்... எல்லாம் போச்சு, ஃபாரூக்.

— அழுவாத. மெயிலை அழிச்சுடு. நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? இன்னா, இன்னும் தட்டிக்கினே கீற?

— அழிச்சா அவ மேடை ஏறிடுவாளே. என் தீசிஸும் தப்புன்னு சேத்து எழுதி அனுப்பிட்டேன்.