சுவர் வழியா வந்த கை

உங்க கை போட்ட ஓட்டைக்கும் எங்ககிட்டதான் காசு வாங்குவீங்களாண்ணே? இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். வெளிப்பலகை உளுத்துப்போச்சு, என்ன செலவாகும்னு பாத்துச் சொல்லுங்கன்னுதானே கூப்பிட்டேன்? தச்சு வேலைக்காரர் வெளிய நின்னு தட்டிப் பாப்பாரு, மோந்து பாப்பாருன்னு நெனச்சா, மரச்சுவரைப் பொத்துக்கிட்டு என் அடுப்பங்கரைக்குள்ள முழங்கை வரைக்கும் நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க! நல்லவேளை, அடுப்புக்கு அந்தப் பக்கமா வந்தீங்க.

ஐயையோ, இழுக்காதீங்க! சிராய் குத்திரும். நீங்க வெளிய என்ன கத்துனாலும் இங்க உம்உம்முன்னுதான் கேக்குது. ஆமான்னா கட்டைவிரலத் தூக்குங்க, இல்லைன்னா மடக்குங்க. இருங்க, எண்ணெய் தடவிவிடுறேன். பாப்பா, வாயத் தெற... அட! உங்க கையைப் பாத்துக்கிட்டே ஒரு வாய் வாங்கிட்டாண்ணே! காலையிலேர்ந்து உதட்டைத் தெறக்கல இவ. அங்கன்வாடியில எடை போடுற அக்கா போன தடவையே, ஏம்மா புள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையான்னு கேட்டுட்டாங்க. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

சரி, செலவுக்கு வாங்க. எவ்வளவு ஆழம் உளுத்திருக்குன்னு பாக்காம சொல்ல மாட்டேன்னீங்க. பாத்தாச்சுல்ல? முழங்கை ஆழம். அப்புறம், மேல வரைக்கும் பரவியிருந்தா சாரம் கட்டணும், அதுக்குத் தனிக்காசுன்னீங்க. சாரம் எதுக்குண்ணே? எங்க வீட்டுக்காரர் நெட்டக்கொக்கு, அவர் தோள்ல ஏறிக்குங்க. பழைய பலகை மாதிரியே மரம் வேணும்னா வெல கூடும்னீங்க. யாருண்ணே எங்க சுவரை ஒத்துப் பாக்கப் போறா? எந்த மரமோ வைங்க, பெயின்ட் அடிச்சா எல்லாம் ஒண்ணுதான்... என்ன, மடக்குறீங்க? ஓ, அந்தப் பெயின்டு பளபளப்பை நம்பித்தான் நீங்களும் சாஞ்சீங்களா?

பாப்பா, இந்தா, கை மாமாவுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய். தங்கம்!

அப்புறம் ஒண்ணு சொன்னீங்க பாருங்க, அதுதாண்ணே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தாம பலகை மாத்துனா, மறுபடி உளுக்கும், மறுபடி செலவுன்னீங்க. எங்கேர்ந்து வரும் தண்ணி? கூரை ஒழுகல. குழாய் கசியல. மழையே ஒழுங்காப் பெய்யல. பக்கத்து வீட்டுக்காரிதான் ஏதாச்சும்... ஏண்ணே, விரலை ஏன் ஜன்னல் பக்கம் நீட்டுறீங்க? அங்க ஒண்ணும் இல்ல. நீட்டாதீங்கன்னா! பெரியவங்க கையாச்சேன்னு பாக்குறேன்.

சரிண்ணே. சொல்றேன். ஜன்னலுக்குக் கீழ, வெளிப்பலகையில, ஒரு காளான் மொளச்சிருக்குல்ல? தட்டு அகலத்துக்கு? அது எங்க பாப்பாவோட தம்பி. அப்படித்தான் சொல்லுறா, நான் என்ன செய்ய? தம்பி தண்ணி குடிச்சாத்தான் இவ சோறு தின்னுவா. தம்பிக்கு ஒரு டம்ளர், இவளுக்கு ஒரு வாய். வேளைக்கு வேளை ஜன்னல் வழியா ஊத்தி ஊத்தி... முதல்ல பித்தான் அளவுதாண்ணே இருந்தான். வளர வளர எனக்கும் ஒரு பாசம் வந்துருச்சு.

விரலை அப்படி விரிச்சு ஆட்டாதீங்க, திட்டுறீங்கன்னு தெரியுது. இனிமே ஊத்தல. சத்தியமா ஊத்தல. அதான் இப்போ உங்களைப் பாத்துத் தின்னுறாளே, தம்பியைத் தேடவே இல்ல... ஏய் பாப்பா! டம்ளரைக் கீழ வை! அது மாமா கைடீ, தண்ணி ஊத்துனா வளராது! ஐயோ, எண்ணெய்க் கையில ஊத்திட்டியே, வழுக்... அண்ணே!

போயிருச்சே.

அழாதடி, இரு. ஓட்டையில என்னமோ மினுங்குது... கண்ணா அது? கண்ணை வைக்காதீங்கண்ணே, பயந்து கத்துறா. கட்டில் வாங்க வெச்சிருந்த காசு இருக்கு, முழுச் சுவரையும் மாத்திக்குங்க, சாரமும் கட்டிக்குங்க, நான் பேரம் பேசல. இன்னும் மூணே வாய்தாண்ணே பாக்கி. அந்தக் கையை மட்டும் ஒருதரம் உள்ள நீட்டுங்களேன்!