ஓவிதியோ வீட்டுக் குழாயும் ஓடை இறாலும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, கொட்டாவியை மீசைக்குள்ளேயே அடக்கி அமர்ந்திருக்கும் நம் தண்ணீர்ச் சங்கத் தலைவர் தோன் அம்புரோசியோ அவர்களே! மேடையின் ஓரத்தை அலங்கரிக்கும் பங்குத் தந்தை அவர்களே! காட்டிலும் மேட்டிலும் கல் சுமந்து நமக்குத் தடுப்பணை கட்டித் தந்த பெரியோர்களே! ஒரு கையில் குழந்தையும் மறு கையில் குடையுமாய்ச் சரிவேறி வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் டொமினோ கட்டையைச் சட்டைப் பைக்குள் ஒளிக்கும் இளவட்டங்களே! உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்து அடுப்படியில் சோறாக்கிப் போட்ட இந்த மிக்தாலியாவின் வணக்கம்.

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார். அதை அவரே நம்பவில்லை.

இந்த அவையின் முன் இன்று என்ன தீர்மானம் இருக்கிறது? ஓவிதியோ வீட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாயை வெட்டிவிட வேண்டும் என்ற தீர்மானம்! கொண்டுவந்தவர் தோன் இசாயாஸ். முறைக்காதீர்கள் தோன் இசாயாஸ், உங்கள் கோபம் நியாயமான கோபம்தான். ஆனால் அந்த வீட்டில் அவன் பெண்டாட்டி சொராய்தா ரெட்டைப் பிள்ளை பெற்று இன்னும் மாதம் திரும்பவில்லை. வெட்டுகிற கை யாருடையது என்று சொல்லுங்கள், நான் பார்க்கவேண்டும்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம் ஓடை இறாலை ஆராய, தலைநகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து நெரெய்தா என்ற பெண் வந்தாள். அதோ, மூன்றாம் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் தடுப்பணைக்கு மேலே இருக்கும் குட்டையில் முழங்கால் தண்ணீரில் நின்றாள். இறாலைப் பிடித்தாள், வால் தோலுக்கடியில் ஆரஞ்சு நிறப் பொட்டு ஒன்று வைத்தாள், திரும்ப விட்டாள். "பிடிக்கிறதே விடுறதுக்கா? படிச்ச பொண்ணுக்கு என்னடி ஆச்சு?" என்று நாம் கேட்டோமா இல்லையா? சிரித்தோமா இல்லையா? சரி, சிரித்தோம்.

அந்தப் பெண் நாளெல்லாம் ரொட்டித் துண்டோடு காலம் தள்ளுவதைப் பார்த்து மனம் பொறுக்காதவள் ஒருத்தி இருந்தாள். நிறைமாதச் சொராய்தா! "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல சாப்பாடு. இறால் போட்டுக் கஞ்சிச் சோறு. வராம இருந்தே, அப்புறம் என் மூஞ்சில முழிக்காதே!" என்று அழைத்துவிட்டாள். இறாலுக்குப் புருஷனை அனுப்பினாள். அவனும் போனான். கூடை வைத்துக் காத்திருக்கப் பொறுமை உண்டா நம் ஓவிதியோவுக்கு? கிடையாது! விருந்தாளி வரும் நேரமாகிவிட்டது என்று ஒரு பாட்டில் குளோரினைக் குட்டையில் கவிழ்த்தான். துள்ளி மேலே வந்ததையெல்லாம் அள்ளி வந்தான்.

மேசையில் ஆவி பறக்கிறது. மல்லித்தழை மணக்கிறது. நெரெய்தா கரண்டியை விட்டுக் கிளறுகிறாள். கிண்ணத்துக்குள் ஆரஞ்சுப் பொட்டு! இன்னொன்றிலும் ஆரஞ்சுப் பொட்டு!

"மாமா, இத எங்க பிடிச்சீங்க?"

"உன் குட்டைலதாம்மா. உனக்குன்னுதானே பிடிச்சேன்!"

உனக்குன்னுதானே பிடிச்சேன்! அந்த வார்த்தையில் வஞ்சகம் இருக்கிறதா? அன்பு இருக்கிறது, அவசரம் இருக்கிறது, அறியாமை மலை மாதிரி இருக்கிறது. அவள் ஒரு வருஷ உழைப்பு கிண்ணத்தில் கிடந்தது. பாவம், அவள் அழுதாள். அழுதுகொண்டே, அந்தத் தண்ணீர் நம் குழாய்க்குத்தான் வருகிறது என்பதையும் சொன்னாள்.

அவ்வளவுதான், ஓவிதியோ எழுந்து ஓடினான். வீடு வீடாகக் கதவைத் தட்டினான். "தண்ணி குடிக்காதீங்க! நான்தான் கெடுத்தேன், குடிக்காதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அன்று வேகவைத்த அவரையைப் பானையோடு கொட்டினீர்கள், எனக்கும் தெரியும். நானும் கொட்டினேன், அவனை வாய்க்கு வந்தபடி திட்டவும் திட்டினேன். ஆனால் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தீர்களா? இல்லையே! ஏன் இல்லை? தன் தப்பைத் தானே தெருவெல்லாம் கூவிக்கொண்டு ஓடினான், அதனால் இல்லை!

என்ன சொல்கிறீர்கள் தோன்யா கர்மின்? "இறாலு செத்தது செத்ததுதானே?" என்கிறீர்களா? நல்ல கேள்வி. கேட்டுவிட்டீர்கள், இனி பதிலையும் தாங்கிக்கொள்ளுங்கள்.

நெரெய்தா ஊரைவிட்டுப் போகவில்லை. குட்டைக்கு மேலே ஓடையில் தப்பிய இறால்களின் குஞ்சாவது தேறுமா என்று தடுப்பணைக்குக் கீழே வலை கட்டினாள். நம் ஓடை இறால் இங்கே முட்டை சுமக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் குஞ்சு பொரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுகள் ஓடையோடு மிதந்து கடல் வாய்க்குப் போகவேண்டும், உப்பில் வளரவேண்டும், பிறகு பாறையேறி அருவியேறி நம் மலைக்குத் திரும்பவேண்டும். அவள் வலையில் என்ன விழுந்தது? ஒன்றும் விழவில்லை! கோடையில் அநேகமாக முழு ஓடையையும் உறிஞ்சிக் குடிக்கிறதே, அந்தக் குழாய்க்குள் போயிருந்தது எல்லாம். குழாய் எங்கே போகிறது? நம் பெரிய தொட்டிக்கு. தொட்டியில் நாம் என்ன கலக்கிறோம்? சொல்லுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள்!

குளோரின்!

அவன் ஊற்றியதும் குளோரின், நாம் ஊற்றுவதும் குளோரின். அவன் ஊற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாம் ஊற்றுவது எத்தனை வருஷமாக? நாம் குடிக்கும் தண்ணீருக்கு மருந்து வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பச்சைக் குஞ்சுகள் நம் தொட்டியில் வந்து விழுவானேன்? அவன் குழாயை வெட்டச் சட்டம் இருக்கிறதென்றால், நம் எல்லாருடைய குழாயையும் எந்தச் சட்டத்தால் வெட்டுவது?

பெரும் புயல் அடித்து, இந்தப் போர்த்தோ ரிக்கோத் தீவே இருண்டு கிடந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். பட்டணத்தில் மாடமாளிகைக்காரன் வாளியோடு லாரிக்கு வரிசையில் நின்றான். நம் குழாயில் தண்ணீர் நின்றதா? நிற்கவில்லை! மின்சாரம் கேட்காமல், மோட்டார் கேட்காமல், சரிவில் தானே இறங்கி வந்து நம் தாகம் தீர்த்தாள் நம் ஓடை. அவள் பிள்ளைகளை நாம் இத்தனை நாள் என்ன செய்தோம்?

வழி இல்லையா? இருக்கிறது! பொழுது சாய்ந்ததும் தடுப்பணை வால்வை மூன்று மணி நேரம் மூடினால் போதும். குஞ்சுகளில் பெரும்பகுதி அந்த நேரத்தில்தான் இறங்குகிறது. "ராத்திரித் தண்ணிக்கு எங்க போறது?" என்று ஒரு குரல் கேட்கிறது. அப்படியா? இரண்டு வாரமாக வால்வு மாலைதோறும் மூடித்தான் கிடக்கிறது! தலைவருக்கும் எனக்கும் இன்னும் இரண்டொருவருக்கும் மட்டும் தெரியும். உங்களில் யாருக்காவது தெரிந்ததா?

"எனக்குத் தெரிஞ்சுது! சோப்பு கண்ணுல எரிய எரிய நின்னேன்!" என்கிறார் பின்னாலிருந்து ரூபெர்த்தோ. ஐயா, உங்கள் மாடித் தொட்டி ஓட்டை என்று கிறிஸ்துமஸுக்கு முந்தியே சொன்னேன். ஓட்டையை அடையுங்கள்! மற்ற எல்லாரும் தொட்டியில் இருந்த தண்ணீரிலேயே குளித்தீர்கள், துவைத்தீர்கள், ஒன்றும் தெரியாமல் தூங்கினீர்கள்.

சொல்லாமல் செய்தது தப்புதான், அதற்கு என்னைத் திட்டுங்கள். ஆனால் தினமும் அந்த வழுக்குப் பாதையில் ஏறி வால்வை மூடியவன் யார்? குளிரில் பாறைமேல் உட்கார்ந்து காத்திருந்து, திரும்பத் திறந்துவிட்டு வந்தவன் யார்? பச்சைப்பிள்ளைகள் இரண்டையும் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டுப் போனவன் யார்? நீங்கள் எவன் வீட்டுத் தண்ணீரை நிறுத்த வந்தீர்களோ, அந்த ஓவிதியோ!

நேற்று நெரெய்தா வலையைத் தூக்கினாள். கண்ணாடிக் குப்பியில் விட்டு விளக்கடியில் காட்டினாள். தூசி தூசியாய், உயிரோடு, ஆயிரம் ஆயிரமாய்த் துடிக்கின்றன! ஓவிதியோ அதைக் குனிந்து பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இந்தத் தீர்மானத்தை விடுங்கள், பெருமக்களே. வேறொரு தீர்மானம் கேட்கிறேன். இனி எந்நாளும் மாலையில் வால்வை மூடுவோம், கடலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு வழி விடுவோம். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்!

தாய்மார்கள் தூக்கிவிட்டீர்கள். டொமினோக்காரர்களும் தூக்குகிறார்கள். தோன் இசாயாஸ் எழுந்து நிற்கிறார். கை மட்டும் கீழே இருக்கிறது. சொல்லுங்கள் தோன் இசாயாஸ், எல்லாரும் கேட்கட்டும்.

"டேய் ஓவிதியோ! வெளியில இருட்டுது, இன்னும் என்னடா இங்க உக்காந்திருக்கே? எழுந்திரு. வழுக்கும், டார்ச்சை நான் பிடிக்கிறேன்."

அவ்வளவுதான் பெருமக்களே, நான் பேச வந்தது முடிந்தது. அவர்கள் இருவருக்கும் வழி விடுங்கள். பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.