அண்ணேன்னு ஒரு ஜெபம்

இல்லப்பா, இதுக்கு வேற பேரே கிடையாது. அநியாயம். அத்தை ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கறப்பவே மைக்கைப் பாதியில அணைச்சீங்க. அதுவும் கூடப் பொறந்த தங்கச்சி. அதுவும் கண்ண மூடிக்கிட்டு நிக்கிறப்போ. மைக் செத்ததே அவங்களுக்குத் தெரியல. நாலு வார்த்தை பேசினப்புறம்தான், என்னடா நம்ம குரல் இத்துனூண்டா கேக்குதேன்னு கண்ணத் தொறந்தாங்க. பாத்தா ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல நீங்க நிக்கிறீங்க. மன்னிச்சிடுங்க ஐயான்னுட்டுப் போய் உக்காந்துட்டாங்க.

போதகர் ஐயான்னு கூப்பிட்டுப் பேசணுமா? அது நாலு பேருக்கு முன்னாடி. இப்போ கதவு சாத்தியிருக்கு. சரி, மெதுவாவே பேசுறேன். வெளிய கோயில் மணியடிக்கிறவரு சன்னல் தொடைக்கிறாரு, பாத்தேன். அவருக்குத் தெரியாததா? அன்னிக்குக் கடைசி பெஞ்சுல அவரும்தானே இருந்தாரு.

கேட்டேன், கேட்டேன். அத்தைகிட்ட கேட்டுப் பதிலும் வாங்கியாச்சு. காலையில காபியை ஆத்திக்கிட்டே சொன்னீங்க இல்ல, அவகிட்டப் போயி எதுக்கு ஆண்டவரை அப்படிக் கூப்பிட்டான்னு கேட்டுட்டு வா, பெண்கள் கூட்டத்துல ஒரு மன்னிப்பு கேட்டான்னா மறுபடி ஜெபம் நடத்தட்டும், இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னு. ரெண்டு தெரு தள்ளி இருக்கற தங்கச்சிகிட்டப் பேசறதுக்கு ஒரு தூதர். காபிரியேலுக்காவது றெக்கை இருந்துச்சு. எனக்கு இருக்கறது பஞ்சரான சைக்கிள்.

பதில் எங்கயும் ஓடிடாது. மொதல்ல அங்கியப் போட்டுப் பாருங்க. அத்தை தைச்சு முடிச்சுக் குடுத்துட்டாங்க. வருத்தம் வேற, வேலை வேறயாம். ஒவ்வொரு தடவையும் அவங்களே வந்து, கையத் தூக்குங்க ஐயா, இந்தப் பக்கம் திரும்புங்க ஐயான்னு பாத்துப் பாத்துக் குண்டூசி குத்துவாங்க. இந்தத் தடவை ஊசி டப்பாவ என்கிட்டக் குடுத்து விட்டுட்டாங்க. அசையாதீங்கப்பா. எனக்குத் துணியில குத்திப் பழக்கமில்ல. ஆள்லதான் பழக்கம்.

இப்படியே நில்லுங்க. பிரசங்கம் பண்றவர ஊசி போட்டு நிறுத்தி வச்சுப் பேசுற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சரி, குற்றம் என்ன? ஆண்டவரை அண்ணேன்னு கூப்பிட்டாங்க. அண்ணே, சலவைக் கடை அக்கா முட்டியப் புடிச்சுக்கிட்டுப் படி ஏறுறதப் பாத்துக்கிட்டேதான் நிப்பியா, எறங்கி வந்து ஒரு கை குடுத்தா கொறஞ்சா போயிடுவேன்னு கேட்டாங்க. பின்னாடி பெஞ்சுல சிரிச்சாங்க, ஒத்துக்கறேன். சலவைக் கடை அக்கா சிரிக்கல. முந்தானையால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு இருந்தாங்க. நீங்க ஆம்ப்ளிஃபயரப் பாத்துக்கிட்டு இருந்ததால அது கண்ணுல படல.

மரியாதையா? சரி, மரியாதையப் பத்தியே பேசுவோம். தேவரீர்ங்கறோம், நீர்ங்கறோம், உம்மைங்கறோம். இந்த நீர நம்ம வேற யாருகிட்ட பேசுறோம்? மளிகைக் கடையில போயி, கடைக்காரரே, நீர் எமக்கு அரைக் கிலோ சீனி தாரும்னு கேட்டுப் பாருங்க. சீனி வராது, டாக்டர்தான் வருவாரு. அத்தை தனக்கு நெருக்கமா ஒருத்தர்கிட்ட எப்படிப் பேசுவாங்களோ அப்படிப் பேசினாங்க. அவ்வளவுதான்.

வேதத்துல இருக்கற பேரு போதும்ங்கறீங்க. மேய்ப்பரேன்னு கூப்பிடலாம், அப்படித்தானே. நம்ம சபையில ஆடு மேய்ச்சவங்க யாருப்பா? நீங்க ஆட்டைப் பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போறவரு. அது ஆடு மேய்க்கிற ஊருக்காரங்க வச்ச பேரு. அவங்க கண்ணு முன்னாடி இருந்தத வச்சு அவங்க கூப்பிட்டாங்க.

இருங்க, காலர்ல ஒண்ணு.

போன மாசம் பிரசங்கம் பண்ணீங்களே, மனுஷன் செஞ்ச பாவம் கடவுளோட மேன்மைக்கு இழுக்கு, அந்த இழுக்குக்கு ஈடு கட்டத்தான் சிலுவைன்னு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த விளக்கம் எங்க பொறந்துச்சு தெரியுமா? ஐரோப்பாவுல பிரபுக்கள் ஆண்ட காலம். பிரபுவோட மானத்துக்குக் கொறை வந்தா, அவரு எவ்வளவு பெரிய ஆளோ அவ்வளவு பெரிய ஈடு குடுக்கணும். அந்தக் காலத்துத் துறவி ஒருத்தரு தன்னச் சுத்தி நடந்தத வச்சே சிலுவையையும் யோசிச்சாரு. தப்பில்ல. அது அவரு ஊரு சட்டை. நம்ம அதை வாங்கிப் போட்டுக்கிட்டு, இது தைச்ச சட்டையே இல்ல, ஒடம்போட பொறந்த தோலுன்னு சொல்றோம். தையல்காரி அண்ணன் நீங்க, உங்களுக்குத் தையல் தெரிய வேணாமா?

அண்ணன் மட்டும் எங்க இருக்காருன்னா? ஆப்பிரிக்காவுல. அங்க சில இறையியல்காரங்க மூத்த அண்ணன்னே எழுதியிருக்காங்க. அங்க மூத்தவன்னா பின்னாடி வர்றவங்களுக்கெல்லாம் பொறுப்பு. சாவையும் மொதல்ல போய்ப் பாத்துட்டு வந்து, ஒண்ணுமில்ல, வாங்கடான்னு தம்பி தங்கச்சிங்களக் கூட்டிட்டுப் போறவரு. சிலரு மூதாதைன்னும் சொல்றாங்க. நெலம் பறிபோன கூலிக்காரங்க இருக்கற ஊர்ல அவரு கூலிக்காரங்க பக்கம் நிக்கிறவரு. பல நூறு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு சின்ன அறைக்குள்ளயே அடைஞ்சு ஜெபம் பண்ணின ஒரு அம்மா, அவரத் தாயேன்னே கூப்பிட்டாங்க. அவங்க மைக்க யாரும் அணைக்கல. அப்போ மைக் இல்ல, அது வேற விஷயம்.

சிரிக்காதீங்க, ஊசி எறங்கிடும்.

என்னது, இப்படியே விட்டா நாளைக்கு ஒருத்தன் மச்சான்னு கூப்பிடுவானா? கூப்பிடட்டுமே. வேதத்துல வர்ற அந்தக் கல்யாண வீட்டுல திராட்சரசம் தீந்து போயி மானம் போக இருந்தப்போ, சத்தமில்லாம ஏற்பாடு பண்ணினவரு. அந்த வேலையப் பண்றவனுக்கு நம்ம வச்சிருக்கற பேரே அதுதான்.

சரி, சீரியஸாவே பேசுறேன். எல்லை வேணும்தான். ஒருத்தன் அவர முதலாளியேன்னு கூப்பிட்டு, அடுத்தவன் வயித்துல அடிச்சா நானே மைக்கைப் புடுங்குவேன். எப்படிக் கூப்பிடுறாங்கங்கறத விட, கூப்பிட்டுட்டு என்ன கேக்குறாங்கன்னு பாக்கணும். அத்தை கேட்டது பக்கத்து வீட்டு முட்டிக்கு.

என் இறையியல் ஆய்வுல நான் புடிச்சது ஒண்ணு இருக்கு. பேராசிரியரு இன்னும் ஒத்துக்கல, ஒத்துக்குவாரு. சனங்க தன்கிட்ட இருக்கறத வச்சு மட்டும் அவருக்குப் பேரு வைக்கிறதில்ல. கைய விட்டுப் போனத வச்சும் வைக்கிறாங்க. வெயில்ல வெந்தவங்க நிழலேன்னாங்க. ஓடிக்கிட்டே இருந்தவங்க கோட்டையேன்னாங்க. கோட்டைக்குள்ள சொகமா படுத்துக் கெடந்தவன் கோட்டையேன்னு பாட மாட்டான்.

இதையெல்லாம் அத்தைகிட்டயும் சொன்னேன். சொல்லாம இருப்பேனா? தையல் மெஷின் பக்கத்துல முக்காலியப் போட்டுக்கிட்டு, அத்தை, நீங்க பண்ணினது சாதாரண ஜெபம் இல்ல, பெரிய இறையியல், இதுக்குப் பின்னாடி ஒரு உலகமே இருக்குன்னு விளக்கினேன். ஆப்பிரிக்கா வரைக்கும் போயிட்டு வந்தேன். அத்தை எல்லாத்தையும் கேட்டுட்டு, முடிச்சியாடீ, இந்த நூலக் கோத்துக் குடு, கண்ணு மங்குதுன்னாங்க. போதுமா? உங்க மனசு குளிர்ந்துச்சா? நீங்கதான் என்ன இந்தப் படிப்புல சேத்து விட்டீங்க, எனக்கு மட்டும் அவமானம்.

என்ன சொல்றீங்க? நிழல் இல்லாதவன் நிழல்ங்கறான், சரி, ஆனா உன் அத்தைக்குத்தான் அண்ணன்னு நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, அவளுக்கு எதுக்கு இன்னொரு அண்ணன்னா?

நல்ல கேள்விப்பா. நெசமாவே நல்ல கேள்வி. என் பேராசிரியருக்குக் கூட இது தோணாது. நூலக் கோத்துக் குடுத்துட்டு நானும் இதையேதான் கேட்டேன். கையக் கீழ எறக்குங்க, அளவு முடிஞ்சிடுச்சு.

கோவமா எல்லாம் சொல்லல. பட்டன் தைச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. இதோ, இந்த ரெண்டாவது பட்டன். அதுக்கா இவ்வளவு தூரம் சுத்திட்டு வந்தே, உங்கப்பா அங்கி போட்ட அன்னிக்கே கோயில் வாசல்ல என்னக் கூப்பிட்டு, இனிமே அண்ணேன்னு கூப்பிடாத, எல்லாரையும் மாதிரி ஐயான்னு கூப்பிடுன்னாரு, அவரச் சொல்லியும் குத்தமில்ல, சொந்தக்காரிக்கு மொத பெஞ்சான்னு நாலு பேரு பேசிட்டு இருந்தாங்க, நானும் சரின்னுட்டேன், கோயில்ல ஒரு பேரு வீட்டுல ஒரு பேருன்னு மாத்தி மாத்திக் கூப்பிட எனக்கு வாய் வரல, வீட்டுலயும் ஐயான்னே ஆயிடுச்சு, உங்கப்பா அதக் கவனிக்கக் கூட இல்ல, ஆனா பேச்சு வந்த நாள்லேருந்து வாயில இருந்த வார்த்தைடீ, அத எங்க கொண்டுபோய் வைப்பேன், அதான் ஆண்டவருகிட்டக் குடுத்து வச்சிருக்கேன், உங்கப்பாவுக்கு வேணும்னா வந்து கேக்கச் சொல்லு, திருப்பி வாங்கித் தர்றேன், அவரு ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாருன்னாங்க.