முப்பதோட நிறுத்திக்கலாம்

...பின்ன என்னங்க டீச்சர், இதெல்லாம் ஒரு லீக்கா? ஈசல் கிளம்பற மாதிரி வருஷா வருஷம் ரெண்டு பள்ளிக்கூடம் கிளம்பி வந்துருது! உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இந்தப் பந்து மூட்டையை இப்படித் தள்ளிட்டு... ஆங். கையில என்ன கவரு? பந்து வரலைன்னு புகாரா? இருக்கட்டும், அப்புறம் பாப்போம்.

மொதல்ல அந்தச் சுவத்தைப் பாருங்க. நேத்து சாயங்காலம் ஒட்டினது, பசை இன்னும் காயலை. முப்பது ஃபுட்பால் டீம், வாரம் பதினஞ்சு ஆட்டம், இருபத்தொம்போது வாரம். ஆக நானூத்தி முப்பத்தஞ்சு ஆட்டம். ஒரு டீம்கூட ஒரு வாரம்கூடச் சும்மா உக்காராது! நான் செயலாளரா வந்து இது பதினேழாவது வருஷம். இப்பத்தான் எனக்கு மறுபடி இந்தப் பாக்கியம்.

ஆரம்பத்துல நாலே பள்ளிக்கூடங்க. ரெண்டு ஆட்டம், பன்னெண்டு மணிக்கு வீட்ல சாப்பாடு. மூணு வருஷம் ராஜா மாதிரி இருந்தேன். அப்புறம் நம்ம லீக் தலைவரோட மச்சான், அவரு ஒரு ஹெட்மாஸ்டர், அஞ்சாவதா வந்து ஒட்டிக்கிட்டாரு. அஞ்சுன்னா? வாரா வாரம் ஒரு டீம் சும்மா நிக்கும். பிள்ளைங்க சும்மா நின்னா சும்மா இருக்குமா? ஒரு சனிக்கிழமை, ஆடற டீமுக்கு வெச்சிருந்த வாழைப்பழத்தைப் பூரா தின்னுட்டு, தோலையெல்லாம் கோல் வாசல்ல வரிசையா அடுக்கி வெச்சிருச்சுங்க. கோல்கீப்பர் போன வேகத்துக்கு நேரா வலைக்குள்ள! பந்து என்னமோ வெளியவே நிக்குது. நடுவர் என்கிட்ட வந்து கேக்கறாரு, இது கோலா இல்லையான்னு!

அடுத்த வருஷம் ஏழு. அப்புறம் ஒம்போது, பதினொண்ணு, பதிமூணு... போன வருஷம் இருபத்தொம்போது. கவனிச்சீங்களா? ஒரு வருஷமாவது எட்டு, பத்துன்னு நின்னுச்சா? அத்தனையும் ஒத்தைப்படை! மேடையில 'லீக் வளந்துருச்சு'ன்னு கைதட்டறாங்க. எங்க வீட்ல, 'உங்களை இருபத்தொம்போது பள்ளிக்கூடத்துக்குப் பங்கு போட்டாச்சு, எனக்கு மிஞ்சினது துவைக்கிற சட்டைதான்'ங்கறாங்க.

முந்தாநாள் ஒரு பள்ளிக்கூடம் பேர் குடுத்துச்சு. முப்பது! இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசி. இனிமே எவன் வரப்போறான்னு நேத்தே ஒட்டிட்டேன். இப்ப மணி நாலே முக்கால். இன்னும் பதினஞ்சே நிமிஷம், கதவைச் சாத்திட்டா...

ஏன் டீச்சர், கவரையே நீட்டறீங்க? குடுங்க, குடுங்க... என்ன இது... விண்ணப்பமா!

யாருங்க உங்களைச் சேரச் சொன்னது? லெட்டர் வந்துச்சா? எந்தப் புண்ணியவான் போட்டான்? எங்க, காட்டுங்க, அந்தக் கையை நான் பாக்கறேன்...

...ம்.

நம்ம கையெழுத்துதான்.

ஆமாங்க, நான்தான் எழுதறேன். சும்மா நிக்கற டீமுக்கு ஜோடி வேணும்ல? அதான் வருஷா வருஷம் ரெண்டு பள்ளிக்கூடத்துக்கு ஒரு லெட்டர். ஏன் ரெண்டா? நல்லாக் கேட்டீங்க! ஒண்ணு வரலைன்னா என்ன பண்றது? முன்ஜாக்கிரதைங்க. ரெண்டும் வந்து நிக்கும்னு நான் கனவா கண்டேன்?

பதிமூணு வருஷமாவா... இருங்க, எண்ணிக்கிறேன்... பதிமூணு வருஷமாத்தான்.

வெளிய நிக்கறது உங்க பிள்ளைங்களா? பதினோரு பேரும் புது சாக்ஸ் போட்டுக்கிட்டே வந்துருச்சுங்களா? அட ராமா. இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருக்கே, எப்படி வேணாம்கறது? போடுங்க கையெழுத்தை. முப்பத்தொண்ணு. அந்த அட்டவணையை மெதுவா உரிங்க, பின்பக்கம் எழுதிக்கலாம்.

அழாக்குறையா நிக்காதீங்க, உங்க டீமைச் சும்மா நிக்க விடமாட்டேன். கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளிட்டாப் போச்சு. உங்க பக்கத்துல வேற பள்ளிக்கூடம் இருக்கா? இருக்கா! கட்டாயம் வருவாங்களா? சரி, அந்த டப்பாவுல கவர் இருக்கு, எடுங்க.

என்ன டீச்சர், ஒண்ணே ஒண்ணு எடுக்கறீங்க? அவங்க வரலைன்னா?