மூன்றாவது கோப்பி

நோர்பரியில் பஸ் ஏறிய யாழ்ப்பாணத் தம்பதி எனக்கு முன்னால் இருந்தார்கள். இறங்குமிடம் தவறிவிடுமோ என்ற பயத்தில் நான் வெளியே பார்த்தபடி இருந்தேன்.

"உன்னோடை வேலை செய்த இத்தாலிக்காரி ஏனப்பா ஆப்பிரிக்காவுக்குப் போறா?" கணவர் கேட்டார்.

"அவ பிறந்தது அங்கை, அஸ்மாராவிலை. இத்தாலி ஆண்ட காலத்திலை தாத்தா போய்க் குடியேறின இடம். சண்டை முடிஞ்சிட்டுது, நாளைக்குப் போறா. இனி வரமாட்டா."

"அவவுக்கெண்டாலும் முடிஞ்சுதே. நல்ல மனுசி, இப்ப பயணம் சொல்லப் போன இடத்திலையும் ரெண்டு தரம் கோப்பி தந்தா."

"மூண்டு தரம் ஊத்துறது அந்த ஊர் முறை. மூண்டாவதுதான் ஆசீர்வாதமாம். நீங்கள் ஷிப்டுக்குப் பிந்துது எண்டு என்னையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்திட்டியள். கோப்பிக் கேத்திலோடை கதவடியிலை நிண்டவ."

"அங்கையே சொல்லியிருக்கலாமெல்லே?"

"சொல்ல விட்டனீங்களே?"

அவர் எழுந்து மணியை அடித்தார்.

"இறங்கு. ஷிப்ட் பிந்தினால் பிந்தட்டும்."

எதிர்ப்பக்கத் தரிப்பிடத்துக்கு அவர்கள் ஓடுவதைத் திரும்பிப் பார்த்திருந்ததில் என் இறங்குமிடம் கடந்துவிட்டது.