நாகசுர ஆசாரி செய்த பந்துக்கோல்

பெரியகுளத்திலிருந்து கம்பத்துக்கு நான் போன மாட்டுவண்டியில், அணை கட்டும் துரையின் சமையல்காரர் ஒரு நீளக் கோலைத் தோளில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பந்து தள்ளி ஆடும் பில்லியர்ட்ஸ் கோலாம்.

"நாகசுரம் செய்யிற ஆசாரிகிட்டக் கொடுத்துச் செஞ்சேன்," என்றார்.

எதிரே இருந்த வெற்றிலை வியாபாரி சிரித்தார். "ஏண்ணே, கட்டில் செய்யிற ஆசாரி ஊர்ல இல்லையா?"

"அவரு கனமாச் செய்வாரு. நுனி சிறுத்து, வளையாம வரணும்னா இவருதான். என் கையைப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் மரத்தையே தொட்டாரு."

"உங்க கையையா? ஆடப்போறது துரைதானே?"

சமையல்காரரின் முகமெல்லாம் சிரிப்பானது.

"எதிர்த்து ஆட ஆளில்லைன்னு எனக்குக் கத்துக்கொடுத்தாக. போன வாரம் அவுகளையே தோக்கடிச்சுட்டேன். 'உனக்குன்னு ஒண்ணு செஞ்சுக்க'ன்னு அவுகளே அனுப்பி வச்சாக!"

வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"இங்கன கொடுங்கண்ணே, ஒருக்காத் தொட்டுப் பாக்குறேன்."