அண்ணனுக்குக் கட்டிய பரிவட்டம்

மாலை 4.10, ஆலங்குளம் பேருந்து. முன் இருக்கையில் ஒரு தம்பதி. மனைவியின் மடியில் ஆங்கில விடைத்தாள்கள்.

"கிரவுனுக்கு மூலம் லத்தீன்ல கொரோனாவாம். முதல்ல அது வெறும் இலை, பூ மாலைதான். ஜெயிச்சவுக தலையில வைப்பாவளாம். யாருக்கும் பட்டா கிடையாது."

"இப்ப எதுக்கு இந்தப் பாடம்?"

"கோயில் கொடையில உங்க அண்ணாச்சிக்குத் தலையில பரிவட்டம் கட்டவும் முறுக்கிக்கிட்டு வந்துட்டியளே, அதுக்குத்தான்."

"இந்த வருசம் என் முறைலா?"

"உங்க முறைதான். ஆனா அவுகளுக்கு அடுத்த வாரம் நெஞ்சுல ஆபரேசன். ஒருதடவை பரிவட்டத்தோட அம்மன் முன்னால நிக்கணும்னு நெனச்சிருப்பாவ."

பாவூர்சத்திரத்தில் பேருந்து நின்றது. கணவர் கைபேசியை எடுத்தார்.

"அண்ணே, நாந்தான். பரிவட்டத்தோட போட்டோ எடுத்தியளா? எனக்கு ஒண்ணு அனுப்புங்க."